கோயிலுக்குப் போகாதவன் நாஸ்திகனா?



அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் தம் மதத்தைக் கைவிட்டாரா? இன்றும் இந்தத் தர்க்கம் ஓயவில்லை. காரணம் இதுதான்: பிலடெல்பியாவில் ஜனாதிபதியாக இருந்தபோது அவர் சர்ச்சுக்குப் போவார், பிரசங்கம் கேட்பார். திருவிருந்து நேரம் வந்தால் எழுந்து போய்விடுவார். மனைவி மார்த்தா மட்டும் இருந்து வாங்கிக்கொள்வார். பெரிய மனிதர்களே இப்படிச் செய்யலாமா என்று அபர்குரோம்பி பாதிரியார் பிரசங்கத்திலேயே இடித்துரைத்தார். வாஷிங்டன் திருந்தினாரா? இல்லை! திருவிருந்து ஞாயிறுகளில் அந்தப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டார். 1799 டிசம்பர் 14-ல் இறந்தபோதும் பாதிரியாரைக் கூப்பிடவில்லை.

இதை வைத்து நாஸ்திகர் என்று முத்திரை குத்தலாமா? கூடாது என்கிறோம். வர்ஜீனியாவில் ட்ரூரோ சபையின் நிர்வாகக் குழுவில் பல்லாண்டு இருந்தவர் அவர். தெய்வச் செயல் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதியவர். சடங்கை விட்டார், மெய்தான். விசுவாசத்தைத் துறந்தேன் என்று எங்கும் எழுதவில்லை. பக்தரும் நாத்திகரும் அவரை இழுபறி செய்கிறார்கள். மவுண்ட் வெர்னான் பண்ணையில் 1799-ல் 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்களுக்கு எஜமானனின் திருவிருந்தா கவலை? அவர்களில் அவருக்கே சொந்தமான 123 பேருக்கு உயிலில் விடுதலை எழுதினார், அதுவும் மனைவியின் காலத்துக்குப் பிறகு.