போட்டி யாரோடு?

(ரிஷிவந்தியத்தில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



பக்கத்து வயல் பச்சையாக நின்றால் நம் கால் வரப்பிலேயே நின்றுவிடுகிறது. "என்ன உரம் போட்டார்? எத்தனை மூட்டை கண்டார்?" என்று கேட்கிறோம். இதில் தவறில்லை. போட்டி இருந்தால்தான் முயற்சி பிறக்கும். திருந்திய நெல் சாகுபடியில் மாநிலத்திலேயே அதிக விளைச்சல் எடுப்பவருக்குத் தமிழக அரசு, உழவர் தலைவர் சி. நாராயணசாமி நாயுடு பெயரில் 5 லட்சம் ரூபாய் பரிசு வழங்குகிறது.

அந்தச் சாகுபடி முறையைக் கவனியுங்கள். ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை போதும். 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 செ.மீ. இடைவெளியில் நட வேண்டும். தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்ட வேண்டும். பரிசு விளைச்சலுக்குத்தான், ஆனால் அங்கே போகும் வழி சிக்கனத்தின் வழி.

நாம் போடும் போட்டி அப்படியா இருக்கிறது? பக்கத்துக்காரர் 300 அடி ஆழ்துளைக் கிணறு போட்டால், நாம் கடன் வாங்கி 500 அடி போடுகிறோம். நம்முடையது பாறைப் பகுதி. பாறை வெடிப்பில் உள்ள நீர் இருவருக்கும் பொது. அவர் கிணறு வற்றினால் அடுத்து வற்றுவது நம்முடையது. கடன் மட்டும் வற்றுவதில்லை. அந்தப் பணத்துக்குப் பதில் சொட்டுநீர்ப் பாசனம் அமையுங்கள். சிறு, குறு உழவர்களுக்கு அதற்கு 100 சதவீத மானியம் உண்டு.

மரவள்ளியிலும் இதே கதைதான். சின்னசேலம், கல்வராயன் மலைப் பக்கத்தில் ஓர் ஆண்டு நல்ல விலை கிடைத்தால், மறு ஆண்டு எல்லோரும் மரவள்ளியே நடுகிறோம். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கும், காத்திருக்க முடியாது. கிழங்கு குவிந்தால் விலை விழும். இதில் தோற்றவர் ஒருவரல்லர், எல்லோருமே.

வெற்றியை எதனால் அளப்பது? ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒருவர் ஏக்கருக்கு 42,000 ரூபாய் செலவிட்டு 2,600 கிலோ நெல் கண்டார். அடுத்தவர் 32,000 ரூபாய் செலவிட்டு 2,300 கிலோ கண்டார். கிலோ 22 ரூபாய் என வைத்துக்கொண்டால், முதல்வருக்கு மிச்சம் 15,200 ரூபாய். இரண்டாமவருக்கு 18,600 ரூபாய். களத்தில் பெயர் வாங்கியவர் முதல்வர். வீட்டுக்கு 3,400 ரூபாய் கூடுதலாகக் கொண்டுபோனவர் மற்றவர்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது" என்று சொல்லிக் கணக்கையே ஒதுக்கிவிடுகிறோம். மிஞ்சாதது ஏன் என்று அறியவாவது கணக்கு வேண்டாமா? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். விதை, உரம், மருந்து, கூலி, வட்டி எல்லாம் எழுதுங்கள். வீட்டார் உழைத்த நாளுக்கும் கூலி போடுங்கள். பெண்கள் களை எடுத்த நாள்களை விட்டுவிடாதீர்கள்.

அறுவடை முடிந்ததும் சென்ற ஆண்டுக் கணக்கை எடுத்து அருகில் வையுங்கள். அந்தக் கணக்கோடுதான் உங்கள் போட்டி. பக்கத்து வயல்காரர் போட்டியாளர் அல்லர். விதையும் நல்ல யோசனையும் தரக்கூடிய கூட்டாளி. இருவரும் சேர்ந்து விளைபொருளை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஒரே வண்டியில் கொண்டுபோனால், வண்டி வாடகையில் பாதி மிச்சம்.

வரும் பட்டத்திலேயே நோட்டைத் தொடங்குங்கள் எனக் கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.