வேண்டும் பக்கத்திற்கு வேண்டும் கோப்பு
(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



இணையதளம் அமைப்பது பொறியாளர் வேலையன்றோ, அது நமக்கெதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அமைப்பது அவர் வேலைதான். ஆனால் அதைத் திறக்கும் கைப்பேசியும், டேட்டாவுக்குக் கொடுக்கும் காசும் நம்முடையவை.

மே 1-ஆம் நாள் கிராமசபைக் கூட்டத்தின் இடமும் நேரமும் பத்து வரிகளில் அடங்கும். எழுத்தளவில் சில கிலோபைட்டே. ஆயினும், வயலோரத்தில் நின்று அப்பக்கத்தைத் திறப்பவர் நெடுநேரம் வெற்றுத் திரையையே காண நேர்கிறது. காரணம் யாது? அதே தளத்தில் வேறொரு பக்கத்தில் மனுப் படிவம் உண்டு, மற்றொன்றில் வரைபடம், முகப்பில் ஓடும் படங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் ஸ்கிரிப்ட், ஸ்டைல் என்னும் கோப்புகள் வேண்டும். ஸ்கிரிப்ட் பக்கத்தை இயக்கும் கட்டளை. ஸ்டைல் நிறத்தையும் இட அமைப்பையும் கூறுவது. இக்கோப்புகள் தமக்குரிய பக்கத்தோடு நில்லாமல் எல்லாப் பக்கங்களுக்கும் போகின்றன. ஒரு வயலுக்கு நீர் பாய்ச்ச எல்லா மடைகளையும் திறப்பாருண்டோ?

2003-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு அமைந்த தளங்கள் மிகப் பல. அதில் படிவத்திற்கென வழங்கும் காண்டாக்ட் ஃபார்ம் 7 என்னும் செருகுநிரல், இயல்பாகவே தன் கோப்புகளை எல்லாப் பக்கங்களுக்கும் அனுப்புகிறது. எப்பக்கத்தில் படிவம் வரும் என்பதை முன்கூட்டி அறிவது அதற்கு எளிதன்று. அதை நிறுத்தும் வழியை அதன் விளக்கக் குறிப்பே கூறுகிறது. படவோட்டங்கள் பல நம்பியிருக்கும் ஜேக்வரி என்னும் கோப்பு ஒன்றே சுமார் 87 கிலோபைட். சுருக்கி அனுப்பினாலும் ஏறத்தாழ 30.

ஒருமுறை இறக்கிய கோப்பு கைப்பேசியிலேயே தங்கிவிடுமே என்பாருமுண்டு. அது பாதி உண்மை. தங்கிய ஸ்கிரிப்டையும் ஒவ்வொரு பக்கத்திலும் கைப்பேசி மீண்டும் இயக்கியாக வேண்டும். விலை குறைந்த கைப்பேசிக்கு அது பெரும் பாடு. பக்கத்தின் தலைப்பகுதியில் உள்ள ஸ்டைல் வந்து சேரும்வரை எழுத்துகள் திரையில் தோன்றுவதுமில்லை.

பரிகாரம் கடினமன்று. வேர்ட்பிரஸில் கோப்புகளை வரிசையில் சேர்ப்பதற்கு என்க்யூ என்றும், நீக்குவதற்கு டீக்யூ என்றும் பெயர். சேர்க்குமுன் 'இஸ் பேஜ்' என்னும் சோதனையால், இது மனுப் பக்கந்தானா என்று கேட்கலாம். செருகுநிரல் தானே சேர்த்துவிட்ட கோப்பாயின், அது சேர்த்த பிறகே நீக்க வேண்டும். வழக்கமான முன்னுரிமை எண் 10; நீக்கும் கட்டளைக்கு 100 என்று கொடுத்தால் அது பின்னர் நடைபெறும். இக்கட்டளைகளைச் சைல்ட் தீமில் எழுதுவதே நலம். மூலத் தீமைப் புதுப்பிக்கும்போது அவை அழிந்துபோகா. 2021-இல் வந்த 5.8 பதிப்பு முதல், பக்கத்திலுள்ள பிளாக்குகளுக்குரிய ஸ்டைல்களை மட்டும் அனுப்பும் வசதியும் உண்டு.

எனினும் கண்மூடி நீக்கலாகாது. ஜேக்வரியை நீக்கினால், அதை நம்பிய பட்டியல் பொத்தான் திறவாமற் போகலாம். பின்னாளில் வரைபடத்தை வேறு பக்கத்திற்கு மாற்றினால், சோதனையையும் மாற்ற வேண்டும். இல்லையேல் அவ்விடம் வெறுமையாகவே நிற்கும். ஆகவே, எக்கோப்பு எப்பக்கத்திற்கு என்னும் பட்டியலைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுதி வைத்தல் வேண்டும்.

அலுவலகக் கணினியில் குரோம் உலாவியைத் திறந்து எஃப் 12 விசையை அழுத்தி, நெட்வொர்க் என்னும் பகுதியைப் பார்த்தபடியே பக்கத்தை மீண்டும் ஏற்றினால், வந்த கோப்புகளும் அவற்றின் அளவும் வரிசையாகத் தெரியும். தளம் அமைத்தவருக்குத் தொகை வழங்குமுன், கிராமசபை அறிவிப்புப் பக்கத்தை அவ்வாறு ஒருமுறை பாருங்கள். வரைபடக் கோப்பு அங்கே வந்திருந்தால், ஏன் வந்தது என்று அவரைக் கேளுங்கள்.