உயிர் தேர்ந்துகொண்ட கை

1969ஆம் ஆண்டு செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் என்ற சிற்றூருக்கு மேலே ஒரு நெருப்புக் கோளம் பாய்ந்து வந்து வெடித்துச் சிதறியது. சுற்றுவட்டாரம் முழுக்கக் கரிய கற்கள் விழுந்தன. ஒரு கல் வைக்கோல் கொட்டகையின் கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே போனது. பொறுக்கி எடுத்தவர்களுக்குக் குப்பென்று ஸ்பிரிட் வாடை அடித்தது. சூரியக் குடும்பம் உருவான காலத்துக் கற்கள் அவை. வயது சுமார் 450 கோடி ஆண்டு. மொத்தம் 100 கிலோவுக்கு மேல் கிடைத்தன.

அதில் ஒரு துண்டு அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நிலாவிலிருந்து வரும் மண்ணைச் சோதிப்பதற்காகவே தூசு தும்பு இல்லாமல் தயாராக வைத்திருந்த ஆய்வுக்கூடம் அங்கே இருந்தது. அந்த ஆய்வுகளின் தலைவர் சிரில் பொன்னம்பெரும. இலங்கையின் காலி நகரில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டம் பெற்று, பிறகு லண்டன் போய் வேதியியலுக்கு மாறியவர். உயிர் எப்படித் தோன்றியது என்ற கேள்வியைத் தத்துவத்திடம் மட்டும் விட்டுவிடாமல் சோதனைக்குழாயிடமும் கேட்டவர். அவர் பெயர் நம் பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாமலே இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மர்ச்சிசன் கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதாக 1970 டிசம்பரில் அவருடைய குழு அறிவித்தது. நம் உடம்பின் புரதங்கள் எல்லாம் அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்தவைதாம். உடனே ஒரு சந்தேகம் வரும். கல் விழுந்தது பூமியில். எடுத்தது மனிதக் கை. விரல் வியர்வையிலேயே அமினோ அமிலம் உண்டு. அப்படியிருக்க, இது வானத்துச் சரக்கு என்று எதை வைத்துச் சொல்வது?

அதற்குப் பதில் மூலக்கூறின் வடிவத்தில் இருக்கிறது. அமினோ அமிலத்தின் நடுவில் ஒரு கார்பன் அணு. அதைச் சுற்றி நான்கு தொகுதிகள். அந்த நான்கும் வெவ்வேறாக இருந்தால், அவற்றை இரண்டு விதமாக அடுக்கலாம். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் போல, எப்படித் திருப்பினாலும் ஒன்று மற்றதன் இடத்தில் பொருந்தாது. அறிவியலார் இவற்றை இடக்கை, வலக்கை என்கிறார்கள். இதை முதலில் பிரித்துக் காட்டியவர் லூயி பாஸ்டர். நம் புளிக்குப் புளிப்பைத் தருகிற டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பை 1848இல் அவர் படிகமாக்கினார். உருப்பெருக்கியில் பார்த்தபடி, ஒரு பக்கம் சாய்ந்த படிகங்களையும் மறுபக்கம் சாய்ந்தவற்றையும் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக்கினார். அப்போது அவருக்கு வயது 25.

இந்த வேறுபாடு நம் மூக்குக்கே தெரியும். புதினாவின் வாசனைக்கும் சதகுப்பை விதையின் வாசனைக்கும் முக்கியக் காரணம் கார்வோன் என்கிற ஒரே பொருள்தான். புதினாவில் ஒரு கை, சதகுப்பையில் மறு கை.

சோதனைக்கூடத்தில் அமினோ அமிலங்களைச் சாதாரண முறையில் செய்தால் இரண்டு கையும் பாதிப்பாதி வரும். ஆனால் உயிர்கள் தங்கள் புரதங்களை இடக்கை அமினோ அமிலங்களைக் கொண்டே கட்டுகின்றன. பாக்டீரியா, வேப்பமரம், யானை எதுவும் இதற்கு விலக்கில்லை. மர்ச்சிசன் கல்லிலோ இரண்டு கையும் ஏறக்குறைய சமமாக இருந்தன. அதோடு, பூமியின் புரதங்களில் சேராத சில அமினோ அமிலங்களும் இருந்தன. விரல் வியர்வை அப்படிச் சமமாகக் கொடுத்திருக்காது. உயிரின் துணை இல்லாமலே விண்வெளியில் வேதியியல் இவற்றைச் செய்திருந்தது. உயிரின் தோற்றம் பற்றி நாம் அறிந்தவற்றில் நான் மிகப் பெரிதாக மதிப்பது இதைத்தான். கட்டுமானப் பொருள்கள் அபூர்வமானவை அல்ல.

அப்படியானால் எது கடினம்? தேர்வுதான் கடினம். இரண்டு கையும் கலந்து கிடந்த குவியலிலிருந்து ஒரே கை எப்படி மேலே வந்தது?

கலவை ஏன் உதவாது என்பதை 1984இல் ஜெரால்ட் ஜாய்ஸ், லெஸ்லி ஆர்கெல் ஆகியோரின் சோதனை காட்டியது. அமினோ அமிலங்களைப் போலவே கை வேறுபாடு உள்ள ஆர்.என்.ஏ. இழை ஒன்றை அச்சாக வைத்து, அதன்மேல் எதிர் இழை தானாகக் கோத்துக்கொண்டு வளர்கிறதா என்று பார்த்தார்கள். சரியான கை அலகுகளை மட்டும் கொடுத்தால் இழை வளர்ந்தது. எதிர்க்கை அலகுகளையும் கலந்து கொடுத்தால், அவற்றில் ஒன்று இழையின் நுனியில் போய் ஒட்டிக்கொண்டது. வளர்ச்சி அங்கேயே நின்றுவிட்டது. பிரதி எடுக்க முடியாத மூலக்கூறுக்குச் சந்ததி இல்லை. சந்ததி இல்லாவிட்டால் பரிணாமமும் இல்லை.

1997இல் ஒரு நம்பிக்கை பிறந்தது. அரிசோனாவில் ஜான் குரோனினும் சாண்ட்ரா பிட்சரெல்லோவும் மர்ச்சிசன் கல்லை மறுபடி சோதித்து, அபூர்வமான சில அமினோ அமிலங்களில் இடக்கை சில சதவீதம் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். விண்வெளியிலேயே தராசு லேசாக இடப்பக்கம் சாய்ந்துவிட்டதோ, அந்தச் சாய்வைத்தான் பூமியில் உயிர் பெருக்கிக்கொண்டதோ என்று பலரும் எண்ணினார்கள். கேட்க அழகான விளக்கம்.

2023 செப்டம்பரில் ஓசிரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு சிறுகோளின் மண்ணை, காற்றும் கையும் படாமல் மூடி எடுத்து, யூட்டா பாலைவனத்தில் இறக்கியது. மொத்தம் 121.6 கிராம். புரதங்களில் சேரும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன. டி.என்.ஏ.வுக்கும் ஆர்.என்.ஏ.வுக்கும் வேண்டிய ஐந்து காரங்களும் இருந்தன. ஆனால் இடக்கையும் வலக்கையும் ஏறத்தாழ சமம். 2025 ஜனவரியில் வெளிவந்த இந்த முடிவு, வானத்திலேயே சாய்வு வந்தது என்ற விளக்கத்தைப் பலவீனப்படுத்திவிட்டது. தேர்வு பூமியிலேயே, பிரதி எடுக்கத் தொடங்கிய மூலக்கூறுகளுக்கு இடையே நடந்திருக்கலாம் என்ற பக்கம்தான் என் மனமும் சாய்கிறது.

அடுத்த சோதனை செவ்வாயில். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ரோசலிண்ட் பிராங்க்ளின் ஊர்தியை 2028இல் ஏவத் திட்டமிட்டிருக்கிறார்கள். அது இரண்டு மீட்டர் ஆழம் வரை துளையிட்டு மண் எடுக்கும். அந்த மண்ணிலுள்ள மூலக்கூறுகளை இடக்கை, வலக்கை என்று பிரித்தறியும் கருவியும் அதில் இருக்கிறது. அமினோ அமிலங்களில் இரண்டு கையும் சமமாக இருந்தால் அது வெறும் வேதியியலாக இருக்கலாம். இடக்கை மட்டும் என்றால், அங்கே உயிர் இருந்ததோ, பூமியிலிருந்து ஏதாவது ஒட்டிக்கொண்டு போனதோ என்ற விவாதம் எழும். வலக்கை மட்டும் கிடைத்தால் அந்த விவாதத்துக்கே இடமில்லை. பூமியின் உயிரோடு உறவே இல்லாத இன்னொரு உயிர், பக்கத்துக் கோளில் தனியாகத் தோன்றியிருக்கிறது என்று பொருள்.