வட்டத்தில் ஆடுவோருக்கு மேடை எங்கே?



சாம்பாவைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். டிவியில் ரியோ திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இறகுக் கிரீடமும் மினுக்கும் உடையும் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஆட்டத்தின் வேர் பிரேசிலின் பாகியா மண்ணில் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் உழைத்த மக்களின் ஆட்டம் அது. எல்லோரும் வட்டமாகக் கூடிக் கைதட்டிப் பாடுவார்கள். ஒருத்தி நடுவே வந்து, பாதம் தரையை விட்டு அதிகம் எழும்பாமல் வேகமாக ஆடுவாள். பிறகு அடுத்தவரை உள்ளே இழுத்துவிட்டு விலகுவாள்.

1888இல் அடிமை முறை ஒழிந்தது. அதற்கு முன்னும் பின்னும் பிழைப்புக்காக ரியோவுக்குப் போன பாகியா மக்கள், சியாட்டா அத்தை என்று ஊரே அழைத்த பெண்மணியின் வீட்டில் கூடிப் பாடினார்கள். கொட்டுச் சத்தம் கேட்டால் போலீஸ் விரட்டிய காலம் அது. அந்தக் கூட்டத்தில் ஒருவரான தோங்கா, 1916இல் ஒரு பாட்டைத் தன் பெயரில் பதிவு செய்தார். அடுத்த ஆண்டுத் திருவிழாவில் நகரமே அதைப் பாடியது. பலர் கூடிக் கட்டிய பாட்டு ஒருவருக்கு எப்படிச் சொந்தமாகும் என்ற சண்டையும் கூடவே கிளம்பியது.

இப்போது நம் கேரளத்து அட்டப்பாடிக்கு வாருங்கள். அங்கும் இருளர் பழங்குடி ஊர்களில் பொறை என்ற கொட்டும் தவிலும் கொகல் என்ற குழலும் ஜால்ராவும் சேர்ந்தால் ஆணும் பெண்ணும் வட்டம் கட்டுகிறார்கள். கல்யாணத்துக்கும் பாட்டுண்டு, சாவுக்கும் பாட்டுண்டு. அந்த மண்ணின் நஞ்சியம்மா, 2020இல் வந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் இருளர் மொழியில் பாடி, 2022இல் தேசிய விருது பெற்றார். முறைப்படி சங்கீதம் படிக்காதவருக்கா விருது என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டே முன்னோர் பாட்டைக் காத்தாரே, அதைவிடப் பெரிய படிப்பு எது?

இடுக்கி கோவில்மலையில் மன்னான் பழங்குடி மக்கள் ஆடும் கூத்தில் வருவது கோவலன் கண்ணகி கதை. சிலப்பதிகாரத்தை மேடையில் முழங்கும் நம்மில் எத்தனை பேர் அந்தக் கூத்தை ஓர் இரவு உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்?

ரியோவில் 1928 முதல் சாம்பாப் பள்ளிகள் என்ற ஆட்டக் குழுக்கள் உருவானபோது, அவற்றை எழுப்பியவர்கள் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு மக்களேதான். விரட்டப்பட்ட ஆட்டம் நாட்டின் அடையாளமானது. பாகியாவின் வட்ட ஆட்டத்தை 2005இல் யுனெஸ்கோ போற்றியது. நாமோ இருளர் குழுவை வாசலில் ஆடவைத்து, மந்திரியை வரவேற்றதும் அனுப்பிவிட்டு, கச்சேரிக்கு வேறு ஆளை உட்கார வைக்கிறோம்.

விழா நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அழைப்பிதழில் இந்த ஆட்டக் கலைஞர்களின் பெயரைப் போடுங்கள். மேடையில் முழுதாக ஒரு மணி நேரம் கொடுங்கள். மற்ற வித்வான்களுக்குத் தரும் அதே சம்பளத்தைத் தாருங்கள். ஊர் மூப்பர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து, பிள்ளைகளுக்குப் பொறை அடிக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த விழாவிலேயே தொடங்குங்கள்.