பொங்குற சோறும் எரியுற கண்ணும்: அம்மோனியா பேசுகிறேன்



இருபது வருஷத்துக்கு மேல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவள் நான். "எங்களுக்குப் புரியற மாதிரி பேசுங்க டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். புரியாமல் என்ன? ஆசிட், பிளீச்சிங் பவுடர், காஸ்டிக் சோடா எல்லாம் தினமும் உங்கள் கையில்தானே புழங்குது! அதனால் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். அம்மோனியா.

2023 டிசம்பர் 26 ராத்திரி. மிக்ஜாம் புயலில் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவின எண்ணெயே அப்போது முழுசா போகலை. கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து திரவ அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் சனங்க கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக எழுந்து ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

அப்போ அம்மோனியா வெறும் விஷம்தானா? இல்லைம்மா. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் நெற்பயிரால் அதை நேராக எடுத்துக்க முடியாது. ஜெர்மனியில் ஹேபர் என்பவர் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா ஆக்கினார். 1913-ல் அதைத் தொழிற்சாலையிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். யூரியா, டிஏபி எல்லாம் அதிலிருந்து வருவதுதான். ரேஷன் அரிசி வரைக்கும் அது வந்து சேருது. மீனுக்குப் போடுகிற ஐஸ்கட்டியும் பெரும்பாலும் அம்மோனியா ஓடுகிற ஐஸ் ஃபேக்டரியில் உறைந்ததுதான். திரவ அம்மோனியா மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கத் தேவையான சூட்டைப் பக்கத்துத் தண்ணீரிடமிருந்து பிடுங்கிக்கும், தண்ணீர் உறைஞ்சுடும்.

அது கெடுதல் செய்வது தண்ணீர் மேல் உள்ள ஆசையால். நம்ம உடம்பில் ஈரம் எங்கே? கண், மூக்கு, தொண்டை, நுரையீரல். அங்கே கரைந்து காரமாகி, சதையைச் சுடும். அந்த ஆசையேதான் நமக்கு வழியும் காட்டுது. துண்டையோ முந்தானையையோ நனைத்து மூக்கு, வாயை மூடினால், வாயுவில் கொஞ்சம் துணியின் ஈரத்திலேயே கரைந்துவிடும். கண்ணில் பட்டால் தேய்க்காதீங்க. நல்ல தண்ணீரால் பதினைந்து நிமிஷமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அம்மோனியா காற்றைவிட லேசு. ஆனால் குளிர்ந்து கசியும்போது வெள்ளைப் புகை மாதிரி தரையோடு தவழும். அதுக்கு நேரா ஓடாமல், காற்றுக்குக் குறுக்கே விலகணும். காற்று எந்தப் பக்கம் அடிக்குதுன்னு மொட்டை மாடியில் காயுற புடவை சொல்லும். வெளியே போக முடியாதவங்க கதவு, ஜன்னலைச் சாத்தி இடுக்கில் ஈரத்துணி அடைக்கணும். சமையல் கேஸ் கசிந்தால் கதை நேர்மாறு: அது கனமானது, தரையில் தங்கும். கதவைத் திறந்துவிடணும், ஸ்விட்சைத் தொடவே கூடாது.

அபார்ட்மெண்ட், ஆஸ்பத்திரி சுத்தம் செய்யப் போகும் நம்ம உறுப்பினர்களுக்கு ஒன்று. "பளிச்சுனு வரும்" என்று பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலக்கச் சொல்லுவாங்க. மேஸ்திரியே சொன்னாலும் கேட்காதீங்க. அதில் கிளம்புவது குளோரின். 1915-ல் போர்க்களத்தில் ஆட்களைக் கொல்ல விட்ட அதே வாயு. விடச் சொல்லி மேற்பார்வை பார்த்தவரும் அந்த ஹேபர்தான்! பயிருக்குச் சோறு கண்டுபிடித்த மனுஷன்.

இன்னொன்றும் தெரிஞ்சு வச்சுக்கணும். போபாலுக்குப் பிறகு, 1989-ல் அபாயகரமான ரசாயனங்களுக்கு மத்திய அரசு விதிகள் போட்டது. பெரிய விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்து மக்களுக்கு, என்ன ஆபத்து, அப்போ என்ன செய்யணும் என்று முன்கூட்டியே தெரிவிக்கணும் என்று அதில் இருக்கிறது. உங்கள் தெருவில் யாராவது வந்து சொன்னார்களா? இல்லையென்றால், நம்ம பக்கத்துக் குழாயில் என்ன ஓடுது, சைரன் அடித்தால் எங்கே போகணும் என்று கேட்டு, ஒவ்வொரு பகுதிக் குழுவும் தீர்மானம் போட்டு கலெக்டருக்கு மனு கொடுக்கலாம். எழுதித்தர ஆள் வேணும்னா சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன், வாங்க.