கடன் வாங்கறதுக்கு முன்னால அஞ்சு சொட்டுத் தண்ணி
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கண்ணாடி சுத்தம் செய்யும் தொழில் குழுவின் உறுப்பினர் ஒருவர் பேசிய உரை)



எனக்கு மேடைப் பேச்சு வராதுங்க. பதினாலு வருஷம் பனியன் கம்பெனியில செக்கிங் டேபிள்ல நின்னவ நான். ஓட்டை எங்க இருக்கு, கறை எங்க இருக்குன்னு பார்க்கத்தான் தெரியும். அதனால இன்னைக்கும் எங்க தொழில்ல நாங்க பண்ணின தப்பை எடுத்துக் காட்டிட்டுப் போயிடறேன். இந்த வருஷம் இன்னும் ரெண்டு குழு இதே தொழிலுக்குக் கடன் கேட்டு மனு கொடுத்திருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். அவங்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

நாங்க அஞ்சு பேர் சேர்ந்து கம்பெனி ஜன்னல் கழுவற வேலையை எடுத்தோம். அருள்புரத்துல பல்லடம் ரோட்டுல நின்னு பார்த்தீங்கன்னா எத்தனை கண்ணாடி! வெளிநாட்டு பையர் வர்றாரு, ஆடிட் வருதுன்னா உடனே கண்ணாடி பளபளன்னு இருக்கணும். வேலைக்குக் குறைவில்லை. மொதல்ல வாளி, சோப்புத் தண்ணி, வைப்பர், ஏணி இவ்வளவுதான் எங்க முதலீடு. ஒரு நாள் மாடி ஜன்னலுக்கு ஏணி போட்டப்ப கீழ சோப்புத் தண்ணி தேங்கி, ஏணி வழுக்கி, எங்க அக்கா ஒருத்தர் விழுந்துட்டாங்க. மணிக்கட்டு முறிஞ்சு ரெண்டு மாசம் கையில கட்டு. அன்னைக்கே முடிவு பண்ணினோம், இனி தரையில நின்னுதான் கழுவறதுன்னு.

அதுக்கு ஒரு சாமான் இருக்குங்க. நீளமா இழுக்கற கம்பு, அதோட நுனியில பிரஷ், கம்புக்குள்ள டியூப். கீழ இருந்து பம்பு தண்ணியைத் தள்ளும், பிரஷ்ல இருக்கற சின்ன ஜெட் வழியா கண்ணாடி மேல பாயும். தேய்ச்சு, அலசி, அப்படியே விட்டுடலாம். வைப்பர் போட வேண்டியதில்லை, தானாக் காயும். கேட்டதும் சந்தோஷமாப் போச்சு. உள்கடன் நாப்பதாயிரம் தீர்மானம் போட்டு வாங்கி, இருக்கறதுலயே பெருசா, நாலு ஜெட் வெச்ச பிரஷ்ஷாப் பார்த்து எடுத்தோம். ஜெட் அதிகம் இருந்தா வேலை சீக்கிரம் முடியும்னு நெனச்சோம்.

முதல் வேலையிலயே மானம் போச்சுங்க. கழுவும்போது கண்ணாடி ஜொலிச்சுது. அரை மணி நேரம் கழிச்சு வெயில்ல காய்ஞ்சதும் பார்த்தா, கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாப் புள்ளி. கோலமாவு தூவின மாதிரி. கம்பெனிக்காரர் பில்லை நிறுத்திட்டார். எந்தக் கம்பெனின்னு இங்க வேண்டாம், தப்பு எங்க பேர்லதான். ஆனா அந்த மாசத் தவணை வந்து நின்னப்ப, என் தோட்டை வெச்சுத்தான் கட்டினேன்.

தப்பு பிரஷ்ல இல்லைங்க, தண்ணியில. நம்ம போர் தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியும். துணி துவைச்சா நுரை வராது, குழாய் மேல உப்புப் படியும். தண்ணியில கரைஞ்சிருக்கற உப்போட அளவை டிடிஎஸ்னு சொல்றாங்க. குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம்னு வெச்சிருக்கு. வேற தண்ணியே இல்லைன்னாதான் 2000 வரைக்கும் போகலாம். நாங்க கழுவின போர் தண்ணி, மீட்டர் வெச்சுப் பார்த்தப்ப 1,800-க்கு மேல காட்டுச்சு. தண்ணி ஆவியாப் போயிடும், உப்பு எங்க போகும்? கண்ணாடியிலதான் உட்காரும்.

இதுல நான் வெக்கப்படறது என்னன்னா, உப்பை எடுக்கற விஷயம் நம்ம ஊருக்குப் புதுசே இல்லை. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப வேலையில்லாம உட்கார்ந்தவங்க இந்தக் கூட்டத்துலயே எத்தனை பேர்! அப்புறம் சொட்டுக் கழிவும் வெளிய விடாம, ஆர்.ஓ. போட்டு உப்பையும் தண்ணியையும் பிரிச்சாத்தான் பட்டறை ஓடும்னு ஆச்சு. நம்ம அருள்புரத்துலயே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கு. ஊருக்கே தெரிஞ்ச பாடத்தை நாங்க கடன் வாங்கின பிறகு படிச்சோம்.

அதனால முதல் பாடம். கடன் மனு எழுதறதுக்கு முன்னால ஒரு கண்ணாடித் துண்டு எடுத்துக்கோங்க. பின்னால கறுப்புத் துணி விரிங்க. போர் தண்ணி ஒரு சொட்டு, குழாய்ல வர்ற நல்ல தண்ணி ஒரு சொட்டு, கடையில வாங்கற கேன் தண்ணி ஒரு சொட்டு, ஏ.சி.யில இருந்து வடியற தண்ணி ஒரு சொட்டு, ரெசின் ஃபில்டர்ல வந்த தண்ணி ஒரு சொட்டு. வெயில்ல காய வெச்சுப் பாருங்க. எது தடம் விடலையோ அதுதான் உங்க தண்ணி. கேன் தண்ணி குடிக்க நல்லா இருக்கும், கண்ணாடியில தடம் விடும். மீட்டர்ல 10-க்குக் கீழ காட்டினா நிம்மதியா வேலை பார்க்கலாம். டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். மொதல்ல வாங்க வேண்டிய சாமான் அதுதாங்க.

நம்ம போர் தண்ணியை நேரா ரெசின்ல விட்டா ரெசின் சீக்கிரம் தீர்ந்து போகும், கட்டுப்படியாகாது. மொதல்ல ஆர்.ஓ., அப்புறம் ரெசின். ஆர்.ஓ. கழிச்சு விடற தண்ணியைச் சாக்கடையில விடாம, தரை கழுவவும் கக்கூஸுக்கும் வெச்சுக்கறோம்.

ரெண்டாவது பாடம் ஜெட். நாம தைக்கறவங்க, ஊசியை வெச்சுச் சொன்னாப் புரியும். மெல்லிசு துணிக்கு 11-ஆம் நம்பர், தடிச்ச துணிக்கு 14. பெரிய ஊசி நல்ல ஊசின்னு யாராவது சொல்வமா? ஜெட்டும் அப்படித்தான். முதுகுல மாட்டற டேங்க், சின்ன பம்பு. நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் விட்டா 20 லிட்டர் டேங்க் 20 நிமிஷத்துல காலி. அந்த ஒரே தண்ணியை ரெண்டு ஓட்டைக்குப் பதிலா நாலு ஓட்டையில பிரிச்சா, ஓட்டை அதே அளவுன்னா வேகம் பாதியாப் போகும். எங்க நாலு ஜெட் பிரஷ் மாடிக்குப் போனதும் எச்சில் துப்பின மாதிரிதான் வடிஞ்சுது. இப்ப ரெண்டை அடைச்சுட்டு ரெண்டுலதான் ஓட்டறோம்.

ஜெட்ல ரெண்டு வகை. பென்சில் ஜெட்ல தண்ணி ஒரே கோடாப் பாயும். விசிறி ஜெட்ல விரிஞ்சு அகலமா விழும். எதை எடுக்கறதுன்னு கண்ணாடியே சொல்லும். அழுக்கு எடுத்த பிறகு தண்ணியை ஊத்திப் பாருங்க. போர்வை மாதிரி படர்ந்தா பென்சில் ஜெட் போதும். பந்து பந்தா உருண்டு ஓடினா விசிறி நல்லது, இடம் விடாம நனைக்கும். ஆனா விசிறிக்குத் தண்ணியும் அழுத்தமும் கூட வேணும், காத்தடிச்சா சிதறும். சின்ன பம்பு வெச்சுத் தொடங்கறவங்களுக்கு ரெண்டு பென்சில் ஜெட், பன்னெண்டு அங்குல பிரஷ்தான் என் யோசனை. விசிறி ஒரு ஜோடி தனியா வாங்கிப் பையில போட்டுக்கலாம். பெரிய பிரஷ் கம்பு நுனியில ஏறினா அந்தப் பாரம் பூரா நம்ம தோள்லதான்.

நம்ம ஊருக்குன்னு ஒரு தொல்லை பஞ்சு. எக்ஸாஸ்ட் ஃபேன் தள்ளற பஞ்சும் மெஷின் எண்ணெயும் சேர்ந்து ஜன்னல்ல ஒட்டியிருக்கும். அது மேல தண்ணி பட்டா களி மாதிரி ஆயிடும். காய்ஞ்ச பிரஷ்ஷால பஞ்சை எடுத்துட்டுத்தான் ஜெட்டைத் திறக்கணும். மொதல்ல சட்டம், அப்புறம் கண்ணாடி, கடைசியா மேல இருந்து கீழ அலசல். வருஷக்கணக்கா ஏறிப்போன உப்புக்கறை சுத்தத் தண்ணிக்குப் போகாது. அதைக் கூலி பேசறப்பவே சொல்லிடுங்க. கக்கூஸ் ஆசிட் ஊத்தாதீங்க, அலுமினியச் சட்டமும் போகும், கையும் போகும்.

மூணாவது கம்பு. இதைக் காதுல நல்லா வாங்கிக்கோங்க. அலுமினியக் கம்புல கரண்ட் பாயும். கார்பன் கம்பு இறகு மாதிரி லேசு, ஆனா அதுலயும் பாயும். ஃபைபர் கிளாஸ் கம்பு பரவாயில்லை, ஆனா உள்ளயும் வெளியும் தண்ணி ஓடறப்ப எந்தக் கம்பையும் நம்பக் கூடாது. வேலை தொடங்கறதுக்கு முன்னால தலை நிமிர்ந்து கரண்ட் கம்பி எங்க போகுதுன்னு பார்க்கணும். பக்கத்துல கம்பி இருந்தா அந்த ஜன்னல் வேண்டாம்னு சொல்லிடறோம். ஏணியில இருந்து தப்பிச்சு கரண்ட்ல போறதுக்கா இத்தனை பாடு?

அந்தப் பில் பணம் கடைசி வரைக்கும் வரலீங்க. ஆனா தண்ணியைச் சரி பண்ணின பிறகு, அதே கம்பெனிக்கு ஒரு பக்கத்து ஜன்னலை மட்டும் கூலி வாங்காமக் கழுவிக் காட்டினோம். சாயந்தரம் வரைக்கும் புள்ளி விழலை. இப்ப மாசம் ஒரு தரம் கூப்பிடறாங்க. கடன் அடைஞ்சுது. தோடும் காதுக்கு வந்துடுச்சு, பாருங்க.

கூட்டமைப்புகிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். ஒவ்வொரு குழுவும் தனித்தனியா ஆர்.ஓ.வுக்குக் கடன் வாங்க வேண்டாம். ஆர்.ஓ.வும் ரெசினும் கூட்டமைப்புப் பேர்ல ஒண்ணு இருக்கட்டும், லிட்டர் கணக்குப் போட்டு எல்லாரும் காசு கட்டி எடுத்துக்கலாம். பிரஷ்ஷும் கம்பும் மட்டும் அவங்கவங்க வாங்கட்டும். மனு கொடுத்திருக்கற ரெண்டு குழுவும் அடுத்த கூட்டத்துக்கு வர்றப்ப அவங்க தண்ணி ஒரு பாட்டில் கொண்டு வரட்டும். மீட்டர் நான் கொண்டு வர்றேன். அளந்து பார்த்துட்டு அப்புறம் தீர்மான நோட்டுல கையெழுத்துப் போடலாம்.