ரெயிலடி உணவுச்சாலை
(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

நம் அரியூர் நாட்டில் இருப்புப்பாதை இல்லை. மலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளையும் இறங்கிச் சென்றாலன்றி ரெயிலோசை நம் செவிக்கு எட்டாது. நாமக்கல்லுக்கே 2013-ஆம் ஆண்டில்தான் ரெயில் வந்தது. அங்ஙனமிருக்க, ரெயிலடி உணவுச்சாலையின் வரலாறு நமக்கெதற்கு என நீங்கள் வினவலாம். பந்தி ஒன்று எவ்வாறு இரண்டாகி நின்றது, பின் எவ்வாறு மீண்டும் ஒன்றாயிற்று என்பதை அவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது. பந்தி வைத்தல் நமக்கும் உரிய செயலன்றோ?

தென்னாட்டின் முதற் பயணி ரெயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் சென்னை இராயபுரத்தினின்று வாலாஜா வரை ஓடிற்று. அடுத்த சில ஆண்டுகளில் அப்பாதை ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு வழியாக மேல்கடற்கரைவரை நீண்டது. அக்கால வண்டிகளில் ஒரு பெட்டியினின்று மற்றொன்றுக்குச் செல்ல வழியில்லை, உணவும் கிட்டாது. நீராவி இயந்திரத்துக்கு நீர் ஊட்டப் பெரிய நிலையங்களில் வண்டி நிற்கும். அச்சிறு பொழுதிலேயே பயணிகளும் பசி தீர்த்துக்கொள்ள வேண்டும். இத்தேவையினின்று எழுந்தவையே நிலைய உணவுச்சாலைகள்.

வண்டியினுள் இருந்த வேற்றுமை பணம் பற்றியது. மூன்றாம் வகுப்புப் பலகையில் பல சாதியாரும் தோளோடு தோள் உரச அமர்ந்து சென்றனர். அவர்களே இறங்கி இலைமுன் அமரச் சென்றபோது, பிராமணர்க்கு ஓரிடம், பிராமணரல்லாதார்க்கு வேறிடம் என்ற பிரிவினை எதிர்ப்பட்டது. சீட்டின் விலை ஒன்று. இலையின் இடம் இரண்டு!

இதனைச் சுயமரியாதை இயக்கத்தாரும் நீதிக்கட்சியாரும் இடைவிடாது கண்டித்தனர். பெரியார் ஈ. வெ. இராமசாமி அவர்கள் முன்னின்று போராடினார். 1941-ஆம் ஆண்டில் ரெயில்வேயார் அப்பிரிவினையை நீக்கினர். அதனால் வண்டி நின்றுபோகவில்லை. எவர் வயிற்றிலும் சோறு செரியாது ஒழியவில்லை. பின்னர், 1950 ஜனவரி 26-ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் விதி, பொது உணவு விடுதிகளில் சாதி பற்றி எவரையும் தடுத்தலாகாது என விதித்தது. 17-ஆம் விதி தீண்டாமையையே ஒழித்தது.

ஆயினும், சட்டம் கடைவாயிலைத் திறக்கும். வீட்டு முற்றத்தை நாமே திறத்தல் வேண்டும். குலத்தாரை ஒன்றுசேர்த்தல் சங்கத்தின் கடமை. பிறரை விலக்குதல் அதன் கடமையன்று. நம் பிள்ளைகள் கல்வி கருதிச் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் செல்கின்றனர். அங்கே எவரேனும் அவர்க்குத் தனிக் குவளை நீட்டினால் நாம் பொறுப்போமோ? பொறோமெனின், நாமும் எவர்க்கும் அவ்வாறு நீட்டலாகாது.

திருமணமாயினும் திருவிழாவாயினும், வருவோர் யாவராயினும், ஒரே வரிசையில் இலை இடுவோமாக. இக்கூட்டம் முடிந்தபின் நிகழும் விருந்தே அதற்குத் தொடக்கமாகுக.